கரையாட்டம் என்று நினைத்தது

பெத்தித் ஆன்ஸ்,
ஈஸ்டர் முடிந்த வாரம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ஜோசெட்டுக்கு அப்பா அல்ஃபே எழுதுவது. இந்தக் கடிதம் கைக்கு வரும்போது நீ வயிறு நிறையச் சாப்பிட்டு, ராத்திரி ஷிப்ட் முடிந்து நன்றாகத் தூங்கி எழுந்தவளாக இருக்க வேண்டும். இங்கே நானும் அம்மாவும் பூனையும் சுகமாக இருக்கிறோம், மூன்று பேரில் பூனைக்குத்தான் சுகம் அதிகம். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், வேறு யார் வாயிலோ கேட்டு நீ அங்கே உருண்டு சிரிப்பதைவிட நானே சொல்வது மேல். போன வருஷம் ஜூன் மாதம் தீயணைப்புக் கூடத்தில் பிங்கோ நடந்தது. தெலீமா கிழவிக்குக் கடைசி எண் விழுந்து ஒரு முழுப் பன்றித்தொடை பரிசு. அவள் அதைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்ததும் நான் அழுதுவிட்டேன். கண்ணோரம் துடைத்துக்கொள்கிற அழுகை இல்லை, தோள் குலுங்கி மூக்கு ஒழுகி, எண் கூப்பிடுகிறவன் கூப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிற அழுகை. கிழவிக்கு ஒரு நல்லது நடந்ததே என்றுதான் அழுதேன். ஆனால் ஊர் என்ன நினைத்தது என்றால், அல்ஃபேவுக்கு அந்தத் தொடை மேல் அவ்வளவு ஆசை போலிருக்கிறது என்று நினைத்தது. மறுநாள் காலையில் தெலீமா பாதித் தொடையை அறுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, இந்தாப்பா, இதுக்குப் போய் யாராச்சும் அழுவாங்களா, என்று கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நன்றாகத்தான் இருந்தது. இன்றைக்கும் நான் கடைக்குள் நுழைந்தால் கறி வெட்டுகிறவன், இன்னிக்குத் தொடை வரல அல்ஃபே, மனசைத் தேத்திக்கோ, என்கிறான்.

இதை இவ்வளவு நாள் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்ததற்குக் காரணம் இருக்கிறது, இப்போது சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. போன ஞாயிறு நீ போனில் சொன்னதை அம்மா அடுப்படியில் நின்றபடியே என்னிடம் சொன்னாள். வெயில் வந்துவிட்டது, மனசு தெளிந்துவிட்டது, இனிமேல் மனசுக்குச் சாப்பிடுகிற அந்த மாத்திரையைத் தொடப்போவதில்லை, இந்த வாரத்தோடு தூக்கிப் போடுகிறேன் என்றாயாம். அம்மா உன்னிடம், அப்பா ஒரு கடிதாசி எழுதுவாரு, அது வர்ற வரைக்கும் ஒண்ணும் பண்ணாதே, எனக்காகடி, என்று கேட்டாளாம், நீயும் சரி என்றாயாம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நீ என்னிடம் ஆயிரம் பொய் சொல்வாய், அம்மாவிடம் சொல்ல மாட்டாய், அது எனக்குத் தெரியும். போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ நாலு சொல்வாய், கடைசியில் ரெண்டு பேரும் ஹாக்கியைப் பற்றிப் பேசி வைத்துவிடுவோம். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. எழுத்துப் பிழைக்குச் சிரித்துக்கொள், உன் அப்பன் பள்ளிக்கூடத்தைவிடப் படகில்தான் அதிக நாள் உட்கார்ந்தவன். இன்றைக்குக் காற்று பலம், துறையில் ஒரு படகும் அசையவில்லை, எனக்கும் வேறு வேலை இல்லை.

நான் மாத்திரை சாப்பிட ஆரம்பித்த குளிர்காலம் உனக்கு மறந்திருக்காது. எல்லாரும் சிங்கி இறால் பிடிக்கக் கூடுகளைக் கடலுக்கு ஏற்றிக்கொண்டு போனபோது என் கூடுகள் முற்றத்தில் பனிக்கு அடியில் கிடந்தன, நான் கட்டிலில் கிடந்தேன். யாரும் சாகவில்லை, படகு முழுகவில்லை, காரணம் என்று கையில் எடுத்துக் காட்ட ஒன்றும் இல்லை, எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். நீ அங்கே வேலையை விட்டுவிட்டு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் கடல் வானிலையை வாசித்துக் காட்டினாய், கேட்கிறேனா இல்லையா என்றுகூடப் பார்க்காமல். திரும்பிப் போய் அந்த வேலைக்கு மறுபடியும் கடைசி ஆளாக வரிசையில் நின்றாய். மாத்திரைதான் என்னை எழுப்பி உட்கார வைத்தது, அதை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். நாலு வருஷம் சாப்பிட்டேன். போன வருஷம் மே மாதம் பருவம் முடிந்து கடைசிக் கூட்டையும் கரையேற்றினோம், பிடிப்பும் நல்ல பிடிப்பு, விலையும் நல்ல விலை, வெயில் அடித்தது, எனக்கும் உன்னை மாதிரியே மனசு தெளிந்துபோச்சு. பாட்டிலைக் கிழிந்த கையுறை போடுகிற வாளிக்குள் எறிந்தேன். யாரையும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. முதலில் ரெண்டு மூன்று நாள் ராஜா மாதிரி திரிந்தேன். பிறகு தரை ஆட ஆரம்பித்தது.

இங்கேதான் மகளே, நம் ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய மடத்தனம் வருகிறது. வேறு ஊரில் ஒருத்தனுக்குத் தரை ஆடினால் அவன் டாக்டரிடம் போவான். இங்கே பருவம் முடிந்து கரையேறியவனுக்குத் தரை ஆடாவிட்டால்தான் ஆச்சரியம். எல்லாருக்கும் கொஞ்ச நாள் கரையாட்டம் இருக்கும், சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவார்கள், பிறகு போய்விடும். நானும் அதுதான் என்று நினைத்தேன். போகவில்லை. நாளுக்கு நாள் ஏறியது. துறையில் சொன்னேன், அவ்வளவுதான், ஆளாளுக்கு வைத்தியன் ஆகிவிட்டார்கள். படகில் என்னோடு வருகிற ரெனால், பூட்ஸுக்குள்ள கூழாங்கல் போட்டு நட, கால் தரையை மறக்காது, என்றான். போட்டேன், நொண்டினேன். உன் நெல்சன் மாமா இருக்கிறானே, என் மச்சான், படகில் எனக்கு வலது கை, வீட்டில் எனக்குத் தலைவலி, அவன் சொன்னான், மச்சான், உனக்குக் கடல் ரத்தத்துல ஏறிப்போச்சு, பேசாம படகுலயே படு, என்று. துறையில் கட்டிய படகில் போய்ப் படுத்தால், அடடா, எவ்வளவு சுகம். படகும் ஆடுகிறது, நானும் ஆடுகிறேன், ரெண்டும் ஒத்துப்போனால் ஆட்டம் தெரியவில்லை. பெண்டாட்டி இருக்கிற மனுஷன் ஜூன் மாதம் முழுக்க மீன் வாடையில் படுத்துத் தூங்கினேன். உன் அம்மாவோடு சண்டை என்று ஊரே பேசியது. சண்டை பிறகுதான் வந்தது.

அடுத்தது தலைக்குள் ஷாக். பேட்டரியில் நாக்கை வைத்தால் சுரீர் என்குமே, அது நாக்கில் இல்லாமல் மூளைக்குள் அடித்தால் எப்படி இருக்கும், அது. கண்ணைப் பக்கவாட்டில் திருப்பினால் போதும், சுரீர், ஒரு நொடி உலகம் நின்று கிளம்பும். அதற்குப் பயந்து நான் கண்ணைத் திருப்பாமல் உடம்பையே திருப்பிப் பார்க்க ஆரம்பித்தேன். கோயிலில் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கை கொடுக்கும்போது ஆள் முழுசாகச் சுற்றித் திரும்பினால் பாதிரியார் என்ன நினைப்பார், அல்ஃபேவுக்குப் பணம் வந்ததும் கழுத்து வளையவில்லை என்றுதான் நினைப்பார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா, படகில் எங்கேயோ கரண்ட் கசிகிறது, ராத்திரி தூங்கும்போது என் உடம்பில் ஏறுகிறது என்று நினைத்தேன். நெல்சனையும் கூட்டிக்கொண்டு படகின் வயர் மொத்தத்தையும் பிடுங்கிப் போட்டேன். ரெண்டு பேரும் நாள் முழுக்கத் தரையில் தவழ்ந்து ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தோம். அவன் ஈரக் கையோடு சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்று, எனக்கு ஒண்ணும் அடிக்கலயே மச்சான், ஒருவேளை ஆளைப் பார்த்து அடிக்குதோ என்னவோ, என்றான். நான் அவன் மேல் குறடை விட்டெறிந்தேன். ஆமாம், அந்தக் கோபமும் அந்த மாதத்துச் சரக்குதான். ஒரு கடற்காக்கையோடு அரை மணி நேரம் வாய்ச்சண்டை போட்டிருக்கிறேன், அதற்கும் சாட்சி இருக்கிறது. கனவு இருக்கிறதே, அதற்குச் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் போடலாம். உன் அம்மாவைப் பெற்றவள் கடலுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் ஒவ்வொரு கூட்டுக்கும் வாடகை கேட்டாள். உயிரோடு இருந்தபோது கேட்டதைவிடக் குறைவாகத்தான் கேட்டாள்.

இதுவரைக்கும் சிரித்திருப்பாய். இனிமேல் வருகிறதைச் சிரிக்காமல் படி. பன்றித்தொடைக்கு அழுத அன்றைக்கு ராத்திரி படகில் படுத்திருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. அது திரும்பி வந்துவிட்டது. அந்தக் குளிர்காலம் மறுபடியும் என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டது. ஆட்டத்தையும் ஷாக்கையும் நான் தாங்கிவிடுவேன், அதை மட்டும் இன்னொரு தடவை தாங்க மாட்டேன் என்று பட்டது. நீ மறுபடியும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் உட்காருவாய், மறுபடியும் அந்த வானிலை, மறுபடியும் உன் வேலை போகும். அதனால் வாயைத் திறக்கவே கூடாது என்று முடிவு செய்தேன். நான் மாத்திரையை விட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று என் மண்டையில் ஏறவே இல்லை. விட்டுத்தான் எத்தனையோ நாள் ஆச்சே, அது உடம்பில் எங்கே இருக்கப்போகிறது என்று நினைத்தேன். இல்லாததுதான் அப்படி ஆட்டியது என்று யாருக்குத் தெரியும்.

கண்டுபிடித்தது உன் அம்மா. அவள் தன் ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்கப் போனபோது மருந்துக்கடைக்காரப் பெண், உங்க வீட்டுக்காரர் பொட்டலம் ரெண்டு தடவையா இங்கேயே கிடக்கு, நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க ஒதீல், என்று நீட்டியிருக்கிறாள். உன் அம்மா நேராகத் துறைக்கு வண்டியை விட்டாள். கதவைக்கூடச் சாத்தவில்லை. நான் படகில் இரைத்தொட்டி கழுவிக்கொண்டிருந்தேன். மேலே நின்று பொட்டலத்தை ஆட்டிக் காட்டி, ஏய்யா அல்ஃபே, கடல் ரத்தத்துல ஏறிடுச்சா, கரண்ட் உடம்புல ஏறிடுச்சா, ஏற வேண்டியது ஏறாமதான்யா நீ இப்படி ஆடுறே, என்று கத்தினாள். துறையில் இருந்த எல்லா ஆம்பளையும் கேட்டார்கள். நாலு வருஷம் நான் மறைத்து வைத்திருந்தது ஒரே மூச்சில் ஊர்ச் சொத்தாகிவிட்டது. முதலில் ரெனால்தான், டேய் அல்ஃபே, அதான் நாலு வருஷமா உன் வாய் கொஞ்சம் தாங்குற மாதிரி இருந்துச்சா, என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன், உன் அம்மா படகுக்குள் இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பூட்ஸ் இல்லாமல் அந்த இரைத்தண்ணீரில் நின்றாள் பார், அதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன், அவளும் மறக்க விட மாட்டாள், செருப்பு நல்ல செருப்பாம்.

கிளினிக்கில் இருக்கிற நர்ஸ் ஜனெல் உன் வயதுப் பெண். நான் தலையைக் குனிந்துகொண்டு, அது திரும்பி வந்திருச்சும்மா, என்றேன். எப்ப விட்டீங்க, எத்தனை நாள்ல ஆட்டம் வந்துச்சு, ஷாக் முன்னாடி எப்பவாச்சும் இருந்ததா, என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கட்டிலில் கிடந்த காலத்தில் ஷாக் இல்லை, ஆட்டம் இல்லை, அழக்கூட முடியவில்லை என்றேன். அப்ப இது பழைய நோய் இல்லைங்க, மாத்திரைக்குப் பழகின உடம்பு திடீர்னு அது இல்லாம தடுமாறுது, அவ்வளவுதான், என்றாள். அவ்வளவுதான் என்கிற அந்த வார்த்தைக்கு நான் அவளுக்கு ஒரு பெட்டி இறால் கொடுத்திருப்பேன், பருவம் முடிந்துபோய்விட்டது. பழைய அளவையே மறுபடியும் சாப்பிடச் சொன்னாள். அந்த வாரமே தரை நின்றது. வீட்டுக் கட்டிலுக்குத் திரும்பினேன், அம்மா முதலில் சோப்பு கொடுத்தாள். பிறகு கோடைகாலத்தின் கடைசியில், உடம்பு நன்றாக நிலைத்த பிறகு, குறைக்க ஆரம்பித்தோம். மாத்திரையாக இல்லை, தண்ணி மருந்தாக, ஊசி இல்லாத பீச்சுக்குழாயில் உறிஞ்சி. ஒவ்வொரு தடவையும் துளித்துளியாகக் குறைத்து, அதிலேயே சில வாரம் இருந்து, உடம்பு முணுமுணுப்பை நிறுத்திய பிறகு அடுத்தது. நங்கூரத்தைக் கையால் விட்டு இறக்குவது மாதிரி. நான் முதலில் செய்தது கயிற்றைக் கட்டாமல் நங்கூரத்தைத் தூக்கிக் கடலில் போட்ட மாதிரி.

இதற்கு நடுவில் நவம்பர் கடைசியில் கூடு இறக்கும் நாள் வந்தது. படகு வழியக் கூடு அடுக்கி, ஒரே நாளில் அத்தனையும் இறக்க வேண்டும், கயிறு ஓடும்போது ஒருத்தன் கால் மாட்டினால் ஆளையே இழுத்துக்கொண்டு போகும். சுக்கான் பிடிக்கிறவன் முன்னாலும் பார்க்க வேண்டும், பின்னாலும் பார்க்க வேண்டும். திரும்பிப் பார்க்கிற நொடியில் சுரீர் என்றால் என்ன ஆவது. ஜனெல், அந்த மாசம் ஒரு துளியும் குறைக்காதீங்க, அப்படியே நில்லுங்க, என்றாள். நானும் புறப்படுவதற்கு முந்தின நாள் ரெனாலையும் நெல்சனையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், வேண்டாம் என்றால் வேறு படகில் போங்கள் என்றும் சொன்னேன். நெல்சன், நீ முன்னாடி பாரு மச்சான், பின்னாடி நான் பார்க்கிறேன், உங்க அக்கா வீட்டுக்காரன்னு இத்தனை வருஷமா உன்னையே பார்த்துக்கிட்டு இருக்கேன், கூட்டைப் பார்க்கிறது லேசு, என்றான். எனக்கு அக்கா கிடையாது, அவன் அக்காவைத்தான் நான் கட்டியிருக்கிறேன், பயத்தில் அவனுக்கே வார்த்தை குழம்பிவிட்டது என்று எனக்குப் புரிந்தது, நான் திருத்தவில்லை. அன்றைக்கு முழுக்க அவன் என் தோள் பக்கத்தில் நின்று பின்னால் பார்த்துக்கொண்டே பேசினான் பேசினான், அப்படிப் பேசினான். ஒரு தடவைகூடத் தலையில் ஒன்றும் அடிக்கவில்லை. கடைசிக் கூடு தண்ணீருக்குள் போனபோது வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ரெனால் தன் காபியில் பாதியை எனக்கு ஊற்றினான். திரும்பும் வழியில், தானும் அதே மாதிரி ஒன்று சாப்பிடுவதாகவும், அது தனக்கு ஒத்துக்கொள்வதால் விடப்போவதில்லை என்றும் சொன்னான். உன்னிடம் எழுதலாமா என்று கேட்டேன், ஜோசெட்டுக்குத்தானே, எழுது, என்றான்.

கடைசித் துளிகள்தான் முரண்டு பிடித்தன. கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவசரப்பட்டுக் கொஞ்சம் அதிகமாகக் குறைத்தேன், ரெண்டு நாளில் தரை லேசாக ஆடியது, உடனே போன் பண்ணி ஒரு படி மேலே ஏறி நின்றேன், வெட்கம் எல்லாம் இல்லை. பிப்ரவரியில் மாதா கோயில் தீபத்திருநாளுக்கு அப்பம் சுடுவோமே, அது கழிந்து கொஞ்ச நாளில் குழாய் காலி. இப்போது ஈஸ்டரும் போய்விட்டது. தலைசுற்றல் இல்லை, ஷாக் இல்லை, மாமியார் வாடகை கேட்டு வருவதில்லை. அழுகை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிறது, சிரிப்பும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது, அம்மா சமைக்கிற உருளைக்கிழங்கு ராப்யூரில் உப்பு அதிகம் என்று இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் தெரிகிறது. நான் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

இப்போது உன் கதை. நீ மாத்திரையை விடவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை, விடத்தான் வேண்டும் என்றும் சொல்லவில்லை, அது நீயும் உன் டாக்டரும் பேச வேண்டியது. வாளியில் தூக்கிப் போடாதே என்று மட்டும்தான் சொல்கிறேன். நான் கண்ணைத் திருப்பினால் ஒரு கடற்காக்கை தெரியும். நீ சுரங்கத்தில் வீட்டு உயரம் இருக்கிற லாரியை ஓட்டுகிறவள், ஷிப்ட் முழுக்க இடது கண்ணாடி வலது கண்ணாடி என்று கண்ணைத் திருப்பிக்கொண்டே இருக்கிறவள். அதை நினைத்துத்தான் ஞாயிற்றுக்கிழமை அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். டாக்டரைப் பார், மெதுவாகக் குறைக்கலாமா என்று கேள், என்ன வேலை செய்கிறாய் என்பதையும் சொல். குறைக்கிற நாட்களில் ஓட்டாத வேலை கொடுக்கச் சொல்லி உன் மேஸ்திரியிடம் கேள், காரணம் சொல்ல வெட்கமாக இருந்தால் உன் அப்பனுக்கு நடந்ததைச் சொல், பன்றித்தொடையோடு சேர்த்து. மனசு மறுபடியும் அந்த மாதிரி கனக்க ஆரம்பித்தால், எந்த நேரமானாலும் அம்மாவுக்குப் போன் பண்ணு. இங்கே வர வேண்டும் போல இருந்தால் வா, எனக்காக இல்லை, உனக்காக. இந்தத் தடவை நான் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வானிலை வாசிக்கிறேன், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கடவுளும் மாதாவும் உன் லாரிக்கு முன்னாலும் பின்னாலும் நிற்கட்டும், உன் மனசு நிறைந்திருக்கட்டும், சமைத்துச் சாப்பிடு, பாக்கெட்டில் வருகிறதைச் சாப்பிட்டு நாளைக் கழிக்காதே. மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்றுதான், டாக்டரைப் பார்க்கிற தேதி கிடைத்ததும் அம்மாவுக்குச் சொல்லிவிடு, அவள் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டுத்தான் தூங்குவாள்.

உன்னைக் கேலி செய்வதற்கென்றே பிறந்த,
அப்பா அல்ஃபே

கையெழுத்துப் போட்ட பிறகு எழுதுவது: அம்மா இதை முழுசாகப் படித்தாள். தலைசுற்றல் சுத்தமாகப் போய்விட்டது என்று எழுதியிருக்கிறாயே, பிள்ளைக்குப் பொய் எழுதக் கூடாது, யார் பார்த்தது, என்று கேட்டாள். நியாயம்தானே. இன்று புதன்கிழமை காலை காற்று நின்றதும் அவளையும் நெல்சனையும் கூட்டிக்கொண்டு துறைக்குப் போனேன். துறையின் ஓரத்தில் நீளமாகக் கட்டை அடித்திருக்கிறதே, அதன் மேல் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன். ஒரு தடவைகூட ஆடவில்லை. துறை இடது பக்கம் திரும்புகிற இடத்தில் கட்டையும் திரும்புகிறது. நான் திரும்பவில்லை. ஓதம் ஏறி, விழுந்தவனுக்குத் தண்ணீர் நிறையவே இருந்தது. நெல்சன் மிதவை இழுக்கிற கொக்கியை என் தோள்வாரில் மாட்டித் தூக்கினான். தலை சுற்றவில்லை என்பதை அம்மா ஒத்துக்கொண்டாள்.